போனைப் பிடுங்கிய நாளிலிருந்து மகன் பேசவில்லை, என்ன செய்வது?

கரூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படித்துவிட்டுப் போகிற ஆள் நான், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகன் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நான் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன், வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். ஒரே பிள்ளை. கொஞ்ச நாளாக ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணி வரை போனில் பி.ஜி.எம்.ஐ. என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறான். காலையில் எழுப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

போன வியாழக்கிழமை அவங்கப்பா சாப்பிட நாலு தடவை கூப்பிட்டார். "இதோப்பா, ரெண்டு நிமிஷம்" என்றே நாலு தடவையும் பதில். அஞ்சாவது தடவை அவர் கூப்பிடவில்லை. எழுந்து போய் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் மாட்டிய ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. அதன் வயர் முனை அவன் மடியில் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்றோடு அஞ்சு நாள். தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விடுகிறான். போன வருஷம் வரைக்கும் நான் தோசை ஊற்றும்போது சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பான். அது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது.

பிளஸ் டூ முடிகிற வரை போன் கிடையாது என்கிறார் அவர். ஆனால் வீட்டுப்பாடம், டெஸ்ட் போர்ஷன் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. திருப்பிக் கொடுக்கலாமா, வேண்டாமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிக்காரர் எழுதியது:

சகோதரி, மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். கொடுக்காதீர்கள். எனக்கும் ரெண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்தாவதில் போன் வாங்கிக் கொடுத்து, அவன் மார்க் எங்கே போனது என்று பார்த்தவன் நான். சின்னவனுக்குப் பட்டன் போன்தான். முதல் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், அப்புறம் சரியாகிவிட்டான். வீட்டுப்பாடத்துக்கு உங்கள் போன் போதும். அஞ்சு நாள் பேசாவிட்டால் என்ன, பசித்தால் பேசுவான். உங்கள் வீட்டுக்காரர் செய்ததில் தப்பே இல்லை.

முதலாமாண்டு எழுதியது:

அக்கா, நான் திருச்சியில் காலேஜ் முதல் வருஷம். ரெண்டு வருஷம் முன்னால் உங்கள் பையன் இருந்த இடத்தில் நான் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

அந்த கேமை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. டிவி சீரியல் மாதிரி இல்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், கடைசி வரை நிற்கிற டீம் ஜெயிக்கும். எராங்கல் என்கிற பெரிய மேப் என்றால் ஒரு மேட்ச் அரை மணி நேரம் போகும். லிவிக் என்கிற சின்ன மேப் என்றால் கால் மணி நேரத்தில் முடியும். நாலு பேர் டீமாக ஆடும்போது நடுவில் ஒருத்தன் காணாமல் போனால் மற்ற மூணு பேரும் மாட்டிக்கொள்வார்கள், ரேங்கும் இறங்கும். அவன் "ரெண்டு நிமிஷம்" என்று சொன்னது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

எங்கள் அம்மா ஒரு கட்டத்தில் "எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எத்தனை பேர் மிச்சம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். திரையின் மேல் ஓரத்தில் அந்த எண் இருக்கும். "பதினெட்டும்மா" என்பேன். "சரி, முடிச்சிட்டு வா, அடுத்தது ஆரம்பிக்காதே" என்பார்கள். எனக்கு அழுகை வந்த கேள்வி அது, உண்மையாகச் சொல்கிறேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கிறதே என்று தோன்றியது.

இன்னொன்று. தடை நீங்கி 2023-ல் கேம் திரும்ப வந்தபோது பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வயதைக் கூட்டிப் போட்டு அக்கவுண்ட் திறந்தால் அது வேலை செய்யாது. பாதிப் பேர் அப்படித்தான் திறக்கிறோம். அவன் எப்படித் திறந்திருக்கிறான் என்று திட்டாமல் கேட்டுப் பாருங்கள்.

முடிந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். அவனோடு ஆடுகிற மற்ற மூணு பேர் யார்?

தறிக்காரர் எழுதியது:

தம்பி, நீ சொல்வது புரிகிறது. ஆனால் பெற்றவர்கள் கேமைப் படித்துக்கொண்டு பிள்ளை வளர்க்க வேண்டும் என்றால் எங்கே போவது? பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவன் நான். இதில் பணம் வேறு. எங்கள் தெருவில் ஒரு பையன் ஆன்லைன் ரம்மியில் அப்பாவின் சீட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டு வீட்டை விட்டே ஓடினான். அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ஏழாவது பீரியட் எழுதியது:

அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நான், தேனி மாவட்டம். தறிக்காரர் அண்ணனின் பயம் நியாயமானது. ஆனால் ரம்மியும் இந்த கேமும் ஒன்றல்ல. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டது. பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்றவற்றில் பணம் போவது வேறு வழியில்: கேமுக்குள் துப்பாக்கிக்கு ஸ்கின் என்கிற அலங்காரத் தோல், ஆளுக்கு உடுப்பு என்று வாங்குவது. அதனால் அப்பாவின் யு.பி.ஐ. பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் அதற்கு மருந்து.

கரூர்ச் சகோதரிக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இப்போது பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை 2020-ல் ஆறாம் வகுப்புக்கு வந்தவன். அந்த வருஷம் மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. புதுப் பள்ளி, புது நண்பன், புது வாத்தியார் என்று ஒரு பிள்ளை வெளியுலகத்தில் காலெடுத்து வைக்கிற வயதில் எல்லாமே ஆறு அங்குலத் திரைக்குள் நடந்தது. "போனைக் கீழே வைக்காதே, கிளாஸ் போகுது" என்று சொன்னதும் நாம்தான். அந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் இருப்பவனிடம் பேசத் தெரியாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன். இண்டர்வெல் மணி அடித்தால் கத்திக்கொண்டு ஓடவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷப் பணியில் நான் பயந்துபோனது அன்றைக்குத்தான்.

ஆகவே போன் அவர்களுக்கு வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை, தெருமுனை, டீக்கடை பெஞ்ச், கிரிக்கெட் மைதானம் எல்லாம் அதுதான். அதைப் பிடுங்கினால் சேக்காளிகளையும் சேர்த்துப் பிடுங்குகிறோம். அதற்காக ஒன்றரை மணி வரை ஆடட்டும் என்று சொல்லவில்லை. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகும், சீக்கிரம் தூக்கம் வராது. ஆனால் தேவைப்படுவது எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம். நாலரை மணி நேரம் தூங்கிவிட்டு முதல் பீரியடில் உட்காருகிற பிள்ளைக்கு நான் நடத்துவது காதிலேயே விழாது. எனவே சண்டை போட்டே ஆக வேண்டும் என்றால் தூக்கத்துக்காக மட்டும் போடுங்கள்.

எங்கள் வீட்டில் ராத்திரி பத்தரைக்கு எல்லாப் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போய்விடும். என் போனும் சேர்த்து. முதல் வாரம் நான்தான் அதிகம் கஷ்டப்பட்டேன், என் மகள் இல்லை. அப்பாவின் போன் தலையணைக்கு அடியில் இருந்தால் அந்தச் சட்டம் மூணு நாள்கூட நிற்காது.

மொட்டைமாடி எழுதியது:

ஆசிரியர் சொன்னதோடு நான் செய்த தப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகன் தூங்கும்போது அவன் விரலை வைத்து போனைத் திறந்து வாட்ஸ்அப் முழுக்கப் படித்தேன். மோசமாக ஒன்றுமில்லை. ஒரு இடத்தில் அவன் நண்பனிடம் எழுதியிருந்தான், "எங்கப்பாவுக்கு என் மேல நம்பிக்கையே இல்லடா." அடுத்த நாள் வேறு ஏதோ பேச்சில் அந்தக் குரூப் பெயர் என் வாயில் வந்துவிட்டது. அவன் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத இன்னொரு அக்கவுண்ட். ரெண்டு வருஷம் ஆயிற்று. இப்போதுதான் மெதுவாகப் பேசுகிறான். பார்க்க வேண்டும் என்றால் அவனுக்குத் தெரிந்து பாருங்கள், திருட்டுத்தனமாக வேண்டாம்.

அண்ணாநகர் அம்மா எழுதியது:

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் சாப்பாடு குறைந்தது. போன் சத்தம் கேட்டாலே தோள்பட்டை தூக்கிப் போடும். படிப்பு டென்ஷன் என்று நினைத்து பாதாம் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்றால், இன்ஸ்டாகிராமில் ஒருவன் பெண் பெயரில் பழகி, அவளுடைய பள்ளி விழாப் படத்தை எடுத்து, முகத்தை வேறொரு படத்தோடு ஒட்டி, பணம் கேட்டு மிரட்டியிருக்கிறான். உண்டியல் காசு, பாட்டி கொடுத்த பிறந்தநாள் பணம் எல்லாம் தோழி ஒருத்தியின் அக்கா மூலமாக அனுப்பியிருக்கிறாள். மூன்று வாரம். மூன்று வாரமும் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தாள்.

என்னிடம் சொல்லவில்லை. அவள் அத்தையிடம் சொன்னாள். ஏன் என்று அப்புறம் கேட்டேன். "நீதானேம்மா சொன்னே, ஏதாவது தப்பு நடந்தா அன்னையோட போன் கட்டுனு." ஆமாம், சொன்னேன். போன் வாங்கிக் கொடுத்த அன்றைக்குச் சொன்னேன். பிள்ளையைக் காப்பாற்றுகிற வார்த்தை என்று நினைத்துச் சொன்னேன். அவள் வாயை அடைத்தது அதே வார்த்தைதான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். விஷயம் தெரிந்ததும் என் வாயில் வந்த முதல் கேள்வி, "நீ ஏன் அவன்கிட்ட பேசினே?" நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம்தான் மகளைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில் இருக்கிற யாராவது படித்தால் உதவட்டும் என்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பணம் அனுப்புவதை அந்த நிமிஷமே நிறுத்தினோம். கொடுக்கக் கொடுக்க மிரட்டல் கூடுமே தவிரக் குறையாது. பிளாக் செய்வதற்கு முன்னால் அந்த அக்கவுண்ட் பெயர், மெசேஜ், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டோம். எதையும் அழிக்கவில்லை. பணம் போயிருந்ததால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தோம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் அதில் புகார் பதியலாம். குழந்தைகளுக்கான 1098 எந்நேரமும் எடுப்பார்கள். அப்புறம் டேக் இட் டவுன் என்று ஒரு இலவச சேவை, அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான மையம் நடத்துவது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் அந்தரங்கப் படங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் பரவாமல் தடுப்பதற்கு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை, படத்தின் கைரேகை போன்ற ஒரு எண் மட்டும்தான் நம் போனிலிருந்து போகும்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் அக்கவுண்டைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பிறந்த வருஷம் 2003 என்று போட்டிருந்தாள். அதனால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்ஸ்டாகிராம் வைத்திருக்கிற டீன் அக்கவுண்ட் பாதுகாப்பு எதுவுமே அவளுக்கு இல்லை. சரியான வயதைப் போட்டால் அக்கவுண்ட் தானாகப் பிரைவேட் ஆகும், பழக்கமில்லாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் இதைத் தளர்த்த நம் அனுமதி வேண்டும். அவள் யாரோடு பேசுகிறாள் என்று நான் பார்க்கலாம், என்ன பேசுகிறாள் என்று பார்க்க முடியாது. அந்த அளவு எனக்குப் போதும். அவளும் அதற்குச் சம்மதித்தாள்.

போனைத் திரும்ப அவள் கையில் கொடுத்தபோது பழைய வார்த்தையைத் திருப்பிச் சொன்னேன். "என்ன நடந்தாலும், தப்பு உன்னுதாவே இருந்தாலும், எங்கிட்ட சொன்னா போனைப் பிடுங்க மாட்டேன்." கரூர்ச் சகோதரி, நீங்கள் போனைக் கொடுக்கிறீர்களோ இல்லையோ, இந்த வார்த்தையை அவனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தறிக்காரர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய் சின்னவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அவனிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. ஆனால் டியூஷனில் நண்பன் போனில் என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

நைட் டூட்டி எழுதியது:

நான் நர்ஸ், சைக்கியாட்ரி வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். கரூர் அக்கா பயப்படுவதால் ஒன்று மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். அதிக நேரம் விளையாடுவதெல்லாம் நோய் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பார்ப்பது மணிக்கணக்கை இல்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலே விளையாட்டு வந்துவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. இதெல்லாம் வழக்கமாக ஒரு வருஷம் போல நீடித்திருக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014-லிருந்து இதற்கென்றே ஷட் கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போகும் முன் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

ஆனால் ஒரு பிள்ளை கேமையும் விட்டு, நண்பர்களையும் விட்டு, எதிலும் நாட்டமில்லாமல் முடங்கினால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்கே அழைத்துப் போங்கள். போனைப் பற்றிய சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கரூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

திருச்சித் தம்பி சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டேன், மற்ற மூணு பேர் யார் என்று. ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான். ரெண்டு பேர் கிளாஸ் பையன்கள். மூணாவது ஆள் எட்டாவது வரை அவனோடு படித்த பக்கத்துத் தெருப் பையன். அவங்கப்பாவுக்கு வேலை மாற்றலாகி ஓசூர் போய்விட்டார்கள். அவனுக்கு டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரவே பத்து மணி ஆகிறதாம். அதனால்தான் இவன் அந்த நேரத்துக்கு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பையன் எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அவன் ஊரை விட்டுப் போனபோது என் மகன் அழவில்லை, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அண்ணாநகர் அம்மா, நீங்கள் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். "சரி" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தட்டை ரூமுக்கு எடுத்துப் போகவில்லை.

அவங்கப்பாவுக்கு மன்னிப்பெல்லாம் கேட்க வராது. பத்தாவது நாள் பீரோவைத் திறந்து போனை எடுத்து மேசை மேல் வைத்தார். கூடவே ஒரு புது சார்ஜர் வயர். பழையது நுனியில் பிய்ந்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, அதைப் பார்த்து வைத்திருக்கிறார். "ஆட்டத்துக்கு நடுவுல வாங்கியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போய்விட்டார்.

ஏற்பாடு இப்படி. பள்ளி நாட்களில் பத்தே காலுக்கு மேல் புது மேட்ச் ஆரம்பிக்கக் கூடாது. பதினொன்றுக்குள் மூணு போனும் ஃபிரிட்ஜ் மேலே. ரெண்டு தடவை மீறினான், ஒரு தடவை அவங்கப்பாவே மீறினார், லோடு போன் வந்தது. சண்டை வந்தது, ஆனால் யாரும் பேசாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையில் போனைக் கொடுத்து இறங்கச் சொன்னான். இறங்கினதும் யாரோ சுட்டுவிட்டார்கள். "கட்டடத்துக்குள்ள போம்மா, வெளியவே நிக்கிறே" என்று சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நேற்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தான். கால் இப்போது தரையைத் தொடுகிறது. பொங்கல் லீவுக்கு ஓசூர்ப் பையனை வரச் சொல்லலாமா என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட்டேன். அவன் தனியாக வர வேண்டும். ஓசூரிலிருந்து கரூருக்கு எப்படி வருவது என்று யாருக்காவது தெரியுமா?

முதலாமாண்டு எழுதியது:

அக்கா, ஓசூரில் சேலம் பஸ் ஏறச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வரும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் பஸ். பொங்கல் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும், காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள். சேலத்தில் மாறும்போது உங்கள் பையனுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லிவிடுங்கள்.